பதினொரு கிலோ கொழுந்து

அத்தியாயம் 17

"பூரணிக்கா, ஒக்காந்து நிம்மதியா வாசிங்க. சிரிச்சுச் சிரிச்சுக் கதிரையில இருந்து விழுந்திடாதீங்க, சொல்லிட்டேன்" என்று மஞ்சள் அட்டைக் கொப்பியைக் கையில் திணித்துவிட்டு, தேநீர் போட உள்ளே போனாள் ரினோஸா.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ஹட்டன் கடைத்தெருவில் ஒலிபெருக்கி வைத்து லொத்தர் சீட்டு விற்கிறவனின் சத்தம் காதைப் பிளந்தது. ரினோஸாவின் புத்தகக் கடையில் பாதிக் கதவுதான் திறந்திருந்தது. வெளியே தூறல் விடுவதாக இல்லை.

இடையில் ஒரு வாரம் பத்திரிகையைத் தவற விட்டவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மஸ்கெலியாவில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தைப் பார்த்துக்கொள்கிற பூரணி, நாற்பத்தொரு வயதில் யாரையும் கேட்காமல் ஒரு நாவல் எழுதிவிட்டாள். பெயர் 'கண்மலர் காணவில்லை'. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கிற பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பாக்கியம் அக்கா, மாரியம்மன் முகத்தில் சாத்தியிருந்த வெள்ளிக் கண்மலர் காணாமல் போனதும், வாய் நிறைய வெற்றிலையோடு லயம் லயமாக, வீடு வீடாகத் துப்பறிந்து கள்ளியைப் பிடிக்கிற கதை. பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு. ரினோஸா தன் கடைப் பெயரிலேயே முந்நூறு பிரதி போட்டாள், நாலே மாதத்தில் அத்தனையும் தீர்ந்து போனது. பூரணியின் அண்ணன் கந்தப்பன், ஊசிமலைத் தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர், முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர், போன வாரம் தங்கச்சி புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றதைத்தான் பார்த்தோமே!

இப்போது இரண்டாம் பதிப்பு. வாசகர்கள் எழுதிய கருத்துகளையும் கடைசிப் பக்கங்களில் சேர்க்க வேண்டும் என்பது ரினோஸாவின் ஆசை. அதற்காகவே கடை மேசையில் ஒரு கொப்பியைப் போட்டு வைத்திருந்தாள். தபாலில் வந்தவற்றையும் அதிலேயே ஒட்டியிருந்தாள். அச்சகத்துக்கு அன்று மாலை நாலு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பூரணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் பிரித்தாள்.

'முப்பத்தெட்டாம் பக்கத்தில், மழை விடாத ஆடி மாதத்தில், துணியைக் காயப் போட்டு அரை மணி நேரத்தில் மடித்து எடுக்கிறார்கள். நூலாசிரியர் உண்மையில் மஸ்கெலியாவில்தான் வசிக்கிறாரா? இப்படிக்கு, ஓய்வுபெற்ற ஆசிரியர், நோர்வூட்.'

"அடப்பாவி மனுசா" என்று பூரணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

'இந்தப் புத்தகத்தை வாசித்த நாளிலிருந்து என் மனைவி, நான் வீட்டுக்குள் நுழைந்ததும் என் சப்பாத்தின் அடியைத் திருப்பிப் பார்க்கிறாள். தயவுசெய்து இரண்டாம் பாகம் எழுத வேண்டாம். பெயர் வெளியிட விரும்பாதவர், கொட்டகலை.'

'பாக்கியம் அக்கா வெற்றிலை போடுவதை நிறுத்த வேண்டும். பல்லுக்குக் கூடாது. தரம் ஏழு மாணவி, பொகவந்தலாவை.'

'எனக்குக் கோயில் விஷயம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் என் மாமியும் கண்ணாடியைத் தலையில் செருகிக்கொண்டு வீடு முழுக்கக் கண்ணாடி தேடுவார். பாக்கியம் அக்கா எங்கள் வீட்டிலும் இருக்கிறார். ஷப்னா, நுவரெலியா.'

'கணக்கப்பிள்ளையின் சோம்பேறி மருமகள், அம்மனுக்குப் பயந்து அன்று ஒரு நாள் மட்டும் பதினொரு கிலோ கொழுந்து கொண்டுவந்து போட, மாமனார் தராசைத் தட்டித் தட்டிப் பார்க்கும் இடம்! சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. நாவலிலேயே இதுதான் முதலிடம்.'

ரினோஸா தேநீரோடு வந்தபோது பூரணியின் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"எது அக்கா? சப்பாத்தா?"

"மருமக. அந்த மருமக யாருன்னு நெனைக்கிற? எங்க அண்ணிதான், வேலாயி அண்ணி. அவங்களுக்குத் தெரிஞ்சா அகப்பையத் தூக்கிக்கிட்டு ஹட்டனுக்கே வந்துடுவாங்க."

"அப்ப அது நெசமா நடந்ததா?"

"பாதி நெசம். எங்கப்பாதானே கணக்கப்பிள்ளை. கொழுந்து நிறுத்து எழுதுறவரு. அன்னைக்கு அண்ணி கொண்டாந்ததப் பாத்து, 'எம் மருமகளப் பாருங்கடி'ன்னு மலையெல்லாம் கத்தினாரு."

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டாமல் மடித்துச் செருகியிருந்தது. பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்து கிழித்த தாள். நீல எழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

"அது நேத்துத்தான் தபால்ல வந்திச்சி. ஒட்டறதுக்கு நேரம் கெடைக்கல்ல" என்றாள் ரினோஸா.

பூரணி சிரித்த முகத்தோடுதான் அதைப் பிரித்தாள்.

'மதிப்புக்குரிய எழுத்தாளருக்கு. என் பெயர் கிருஷாந்தி. நுவரெலியாவில் ஒரு மரக்கறித் தோட்டத்தில் அம்மாவும் நானும் இருக்கிறோம். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஏழு நாளாக நான்தான் வாசித்துக் காட்டினேன். அம்மா இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. பாக்கியம் அக்கா ஆட்டுக்குட்டியை விசாரிக்கும் இடத்தைத் திரும்பவும் வாசிக்கச் சொன்னார். கடைசி அத்தியாயத்தில் சரசு பிடிபடும்போது, போதும் மூடி வை என்றார். அன்று சாப்பிடவில்லை.

எனக்கு ஒரு கேள்வி. மத்தியான நிறுவையில் எல்லோருக்கும் எட்டு ஒன்பது கிலோ இருக்க, சரசுவுக்கு மட்டும் மூன்று கிலோ. ஆகவே அவள் மலையில் இல்லை, கோயிலில்தான் இருந்தாள் என்று பாக்கியம் அக்கா முடிவு கட்டுகிறார். அவசரமாக எங்கேயோ போன ஒருத்திக்கு அரைப்பேர் விழாமல் இருக்க, பக்கத்துத் தேயிலை நிரையில் பறிக்கிறவள் தன் கொழுந்தை அவள் கூடையில் போடுவது மலையில் வழக்கம் என்கிறார் அம்மா. அந்தப் பெண்களின் பிள்ளைகளை வளர்க்கிற பாக்கியம் அக்காவுக்கு இது எப்படித் தெரியாமல் போனது? சரசுவின் கொழுந்து அன்று யார் கூடையில் இருந்தது? அதை அவர் ஏன் கேட்கவில்லை?

குறை சொல்வதற்காக எழுதவில்லை. புத்தகம் நன்றாக இருக்கிறது.'

கீழே ஒரு தொலைபேசி இலக்கம்.

அரைப்பேர் என்றால் என்னவென்று மலையில் நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குறித்த எடைக் கொழுந்து வராவிட்டால் அன்றைக்கு அரை நாள் வேலைதான் பதிவாகும். பூரணிக்கும் அந்தச் சொல் தெரியும். ஆனால் அவள் கூடை சுமந்தவள் அல்ல, கொழுந்து நிறுத்தவரின் மகள். தோட்டத்தில் நடந்ததையெல்லாம் அவள் அப்பாவின் கொப்பி வழியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

"என்ன அக்கா, மொகம் ஒரு மாதிரி போயிடிச்சி?"

பூரணி முந்தின பக்கத்தைத் திருப்பினாள். பதினொரு கிலோ. திரும்பவும் கடிதத்தைப் பார்த்தாள். மூன்று கிலோ. பதினொன்றும் மூன்றும் பதினாலு. ஆளுக்கு ஏழு.

"ரினோஸா, சரசுன்னு ஒருத்தி இல்ல. லெட்சுமின்னு ஒருத்தி இருந்தா. அவளுக்கு ரெண்டு வயசுல ஒரு பொம்பளப் புள்ள. அந்தப் புள்ள பேரு கிருஷாந்தி."

"அல்லாவே" என்று ரினோஸா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கள்ளியக் கண்டுபிடிச்சது பாக்கியம் அக்கா இல்ல. நான்."

தேநீர் ஆறிப்போனது. ரினோஸாதான் கடைசியில் மெதுவாகக் கேட்டாள். "அப்ப அச்சகத்துக்கு என்ன சொல்ல?"

"நாலு மணி வரைக்கும் பொறு. நான் அண்ணியப் பாத்துட்டு வாறேன்."

மஸ்கெலியா பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. வேறு நாளாக இருந்தால் நீர்த்தேக்கம் வருகிறவரை அடுத்த கதைக்கு ஏதாவது யோசித்துக்கொண்டு போவாள். அன்று யோசிக்கப் பயமாக இருந்தது. கடிதம் மடியில் கிடந்தது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்திய ஆடித் திருவிழா. பூரணிக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தாள், கிடைத்த துப்பறியும் புத்தகத்தையெல்லாம் தின்று தீர்த்தாள். திருவிழாவுக்கு முதல் நாள், ஒன்பது மணிப் பூசை முடித்துப் பூசாரி கதவைச் சாத்திவிட்டுப் போனார். பன்னிரண்டு மணிக்கு வந்து பார்த்தால் அம்மன் முகத்தில் கண்மலரைக் காணோம். தோட்டமே தலையில் அடித்துக்கொண்டது.

பூரணி என்ன செய்தாள்? அப்பாவின் நிறுவைக் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு விரலால் பெயர் பெயராக இறங்கினாள். எட்டு, ஒன்பது, எட்டரை, பதினொன்று. லெட்சுமியில் விரல் நின்றது. மூன்று. தோட்டத்திலேயே வேகமான கை அவளுடையது. அந்தக் கைக்கு மூன்று கிலோவா? அப்படியானால் இரண்டு மணி நேரம் மலையில் இல்லை. அவளுடைய லயம் கோயிலுக்குப் பக்கத்து லயம். போதாதா? பத்தொன்பது வயதுக்கு அது போதும், ஐயா. தாராளமாகப் போதும்.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கோயில் மைக்கைப் பிடித்து, "எம் மகதான் கண்டுபிடிச்சா" என்று சொல்லிவிட்டுத்தான் லெட்சுமியின் பெயரைச் சொன்னார். இடுப்பில் பிள்ளையோடு அவள் வந்து நின்றாள். புருசன் இல்லாத பெண். "நான் எடுக்கல" என்றாள். "அப்ப கொழுந்து எங்க போச்சு?" என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காதவள்தான் கள்ளி என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. கண்மலர் கிடைக்கவேயில்லை. மறுநாள் தேர் வீதி சுற்றும் நேரம், ஒரு றங்குப்பெட்டியும் பிள்ளையுமாக அவள் பஸ் ரோட்டுக்கு இறங்கிப் போனதைப் பூரணி தன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாள். பாவமாக இருந்தது. ஆனால் கண்டுபிடித்தது சரி என்ற நினைப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது.

நாவலில் அந்த இடத்தைச் சிரிப்பாக்கியிருந்தாள். சரசு கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடி, கண் தெரியாமல் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து, சேற்றோடு எழுந்து நின்று கும்பிடுவாள். முந்நூறு வீட்டில் அதை வாசித்துச் சிரித்திருக்கிறார்கள். லெட்சுமியின் மகளே அதை வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

'என் கையை முறித்துப் போட வேண்டும்' என்று நினைத்தாள் பூரணி. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "ஏதும் சொகமில்லையா தங்கச்சி?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லைங்க" என்று முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

மஸ்கெலியாவில் இறங்கி ஆட்டோ பிடித்து ஊசிமலைக்கு வந்தபோது மணி ஒன்றரை. கோயில் பக்கமிருந்து, "அலோ, அலோ, மைக் டெஸ்டிங்" என்று அண்ணனின் குரல் மலையில் மோதி வந்தது. அடுத்த வாரம் ஆடித் திருவிழா அல்லவா! தலைவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

வேலாயி குசினியில் இருந்தாள். நாற்பத்தெட்டு வயது, முழங்கால் வலி, வாய் மட்டும் ஓயாது. பூரணியைக் கண்டதும் மணையை நகர்த்திப் போட்டாள்.

"வா வா, எழுத்தாளரம்மா. சோறு போடவா? கருவாட்டுக் கொழம்பு வச்சிருக்கேன்."

"வேணாம் அண்ணி. ஒண்ணு கேக்கணும், மறைக்காமச் சொல்லுங்க."

"என்ன பீடிகை எல்லாம் பலமா இருக்கு?"

"கண்மலர் காணாமப் போன அன்னைக்கு நீங்க பதினொரு கிலோ போட்டீங்களே. அது உங்க கொழுந்தா?"

அகப்பை சட்டிக்குள் நின்றது. வேலாயி திரும்பவில்லை. அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை வெளியே இழுத்துப் போட்டாள். பிறகு அதையே திரும்ப உள்ளே தள்ளினாள்.

"யாரு சொன்னா?" என்றாள்.

பூரணி கடிதத்தை வாசித்தாள். ஒரு வரி விடாமல் வாசித்தாள். "ஏழு நாளாக" என்ற இடத்திலேயே வேலாயி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கம்மாவுக்கு அன்னைக்கு இழுத்துக்கிட்டு இருந்திச்சு" என்றாள் கடைசியில். "காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு நிக்கிறப்பதான் ஆள் வந்து காதுல சொல்லிட்டுப் போச்சு. மலைக்கு அந்தப் பக்கம், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம். குறுக்குப் பாதையில ஏறி எறங்கினா ஒண்ணரை மணி நேரம்."

"அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாமா?" வேலாயி நிமிர்ந்து பார்த்தாள். "ஒனக்கு எல்லாம் மறந்து போச்சா பூரணி? தொழிற்சங்கச் சண்டையில எங்கண்ணன் மாமாவக் கைநீட்டிப் பேசினதுக்கு, அந்த வீட்டு வாசல மிதிச்சா திரும்பி இங்க வராதன்னு சொன்னது யாரு? ஒங்கப்பா. சரின்னு தலையாட்டினது யாரு? ஒங்கண்ணன். எனக்குத் தனுஷன் வயித்துல ஆறு மாசம். அந்த வயித்தோட எங்க போவேன்?"

பூரணி கடிதத்தை மடித்தாள்.

"என் பக்கத்து நிரை லெட்சுமி. எங்க நிரைக்கு அங்கிட்டு ஓடைதான். மூடுபனி வேற, கங்காணி அந்தக் கோடிக்கு வரவே இல்ல. 'நீ போ, நான் பாத்துக்கறேன்'னா. நிறுக்கிறது மாமாவாச்சே, என் கூடை கொறைஞ்சா ஒடனே கண்டுபுடிச்சிடுவாருன்னு, எடுத்ததையெல்லாம் எனக்கே போட்டிருக்கா. நான் மூச்சு வாங்க ஓடியாந்து கூடையத் தூக்குறேன், தூக்க முடியல. 'ஏன்டி இவ்வளவு?'ன்னேன். 'வயித்துப்புள்ளக்காரி, ஒனக்கு அரைப்பேரு விழக்கூடாது'ன்னு சிரிச்சா."

"அவங்களக் கூட்டத்துல நிக்க வச்சப்ப நீங்க அங்க இருந்தீங்க அண்ணி."

"இருந்தேன். ரெண்டாவது வரிசையில இருந்தேன்." வேலாயிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, துடைக்கவில்லை. "அவ என்னையே பாத்தா. நானா சொல்லுவேன்னு பாத்தா. எனக்கு நாக்கு வரல. ராத்திரி போய்க் கால்ல விழலாம்னு நெனச்சேன், மாமா கதவுக்கிட்டயே படுத்திருந்தாரு. காலையில எழும்பிப் பாத்தா அவ போயிட்டா. கண்மலர யாரு எடுத்தான்னு எனக்குத் தெரியாது பூரணி. லெட்சுமி எடுக்கலன்னு மட்டும் தெரியும். இருவத்திரண்டு வருசமா தெரியும்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"நீ என்னையக் கேட்டியா? ஊரையே விசாரிச்ச. பூசாரியக் கேட்ட, கங்காணியக் கேட்ட. என்னைய ஒரு வார்த்தை கேக்கல."

உண்மைதான். சொந்த வீட்டு ஆளாயிற்றே என்று விட்டுவிட்டாள். கேட்டிருந்தால்? அண்ணி சொல்லியிருப்பாளோ மாட்டாளோ. ஆனால் முகத்தைப் பார்த்திருக்கலாம். பத்தொன்பது வயதில் பார்க்காவிட்டால் போகட்டும், நாற்பத்தொரு வயதில் உட்கார்ந்து எழுதும்போதாவது பார்த்திருக்கலாம். பதினொன்றையும் மூன்றையும் தன் கையாலேயே அடுத்தடுத்த பக்கத்தில் எழுதிவிட்டு, இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாமல் போயிற்றே!

"புத்தகத்தத் தனுஷன் வாசிச்சுக் காட்டினான்" என்றாள் வேலாயி. "சோம்பேறி மருமகன்னு எழுதியிருக்க. பைப்படியில எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிக்கிறாளுக. ஒன்கிட்ட வந்து நல்லா நாலு கேள்வி கேக்கணும்னுதான் இருந்தேன். ஆனா அந்தப் பதினொரு கிலோ எங்கேர்ந்து வந்துச்சுன்னு நீ திருப்பிக் கேட்டா? அதுக்குப் பயந்துதான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

பூரணி எழுந்து அண்ணியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். குழம்பு அடிப்பிடித்த வாசம் வந்த பிறகுதான் வேலாயி கையை நீட்டிச் சட்டியை இறக்கினாள்.

மூன்று மணிக்குப் பூரணி ரினோஸாவை அழைத்தாள். "அச்சகத்துக்கு நிப்பாட்டச் சொல்லு. இந்த முடிவோட ஒரு பிரதி வரக் கூடாது."

"சரி அக்கா" என்றாள் ரினோஸா. வேறொன்றும் கேட்கவில்லை. நல்ல பெண்.

அடுத்தது கடிதத்தில் இருந்த இலக்கம். விரல் இரண்டு தடவை தவறியது. வேலாயிக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டிப் போனைத் தரையில் வைத்தாள். மகள்தான் எடுத்தாள். பூரணி பெயரைச் சொன்னதும், "கொஞ்சம் இருங்க, அம்மாகிட்டக் குடுக்கிறேன்" என்றாள். கோபமாகவும் இல்லை, சந்தோஷமாகவும் இல்லை.

"பாப்பாவா?" என்றது அந்தக் குரல். தோட்டத்தில் கணக்கப்பிள்ளை மகளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"லெட்சுமிக்கா..." பஸ்ஸில் சேர்த்து வைத்த வார்த்தையெல்லாம் எங்கே போனதோ. "தப்புப் பண்ணிட்டேன் அக்கா. ரெண்டு தடவை பண்ணிட்டேன். என்னைய மன்னிச்சிருங்க."

அந்தப் பக்கம் யாரோ தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"கதை நல்லா எழுதியிருக்கீங்க பாப்பா. பொய் சொல்லல. அந்த ஆட்டுக்குட்டிய விசாரிக்கிறது, அம்மாடி, வயிறு நொந்து போச்சு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன். கடைசியிலதான் அந்தக் கள்ளி நான்னு தெரிஞ்சிச்சு."

பூரணி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"திருவிழா வருது அக்கா. அதே கோயில்ல, அதே மைக்குல நான் சொல்றேன். நீங்க எடுக்கல, நான்தான் தப்பாச் சொன்னேன்னு எல்லாருக்கும் சொல்றேன்."

"நீங்க சொல்லி என்ன பாப்பா? அன்னைக்கும் நீங்கதான் சொன்னீங்க, எல்லாரும் நம்பினாங்க. நாளைக்கு வேற ஒண்ணு சொன்னா அதையும் நம்புவாங்க. நீங்க மலையில நின்னவங்க இல்லையே. நான் அன்னைக்கு நிரையில நின்னேன்னு சொல்றதுக்கு ஒரே ஒரு ஆள்தான் இருக்கு. அது வாயத் தொறக்காது."

வெளியே வாசலில் செருப்பு உதறுகிற சத்தம். கந்தப்பன் வந்துவிட்டார். திருவிழா நோட்டீஸ் கட்டு ஒரு கையில், குடை ஒரு கையில். "வேலாயி, சோறு போடு, திரும்பப் போகணும்" என்று சொல்லிக்கொண்டே குசினி வாசலுக்கு வந்தவர், இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அழுத கண்ணோடு இருப்பதைப் பார்த்து அங்கேயே நின்றார்.

பூரணி போனை எடுத்து அணைக்கப் போனாள். வேலாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முழங்கால் வலிக்காரிக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, போனைப் பிடுங்கி வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"லெட்சுமி, நான் வேலாயி பேசுறேன்."

லெட்சுமி போனை வைத்துவிட்டாளோ என்று பூரணி திரையைப் பார்த்தாள். இல்லை, வினாடி ஓடிக்கொண்டிருந்தது.

"திட்டுடி. என்ன வேணா சொல்லித் திட்டு. நான் கேட்டுக்கிறேன்" என்றாள் வேலாயி.

லெட்சுமி திட்டவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள். குரல் குசினி முழுக்கத் தெளிவாகக் கேட்டது, வாசலில் நின்ற கந்தப்பனுக்கும் கேட்டது.

"அன்னைக்குக் கேக்க முடியாமலே போயிடுச்சு வேலாயி. இத்தனை வருசமா நெனச்சுக்கிட்டே இருக்கேன். நீ போனப்ப ஒங்கம்மா உசுரோட இருந்தாங்களா? மொகத்தப் பாத்தியா?"

"எந்த அன்னைக்கு?" என்றார் கந்தப்பன். "ஒங்கம்மாவ எப்பப் போய்ப் பாத்த? செத்த பொறகுதானே உன்னைய அனுப்பினோம்?"

நோட்டீஸ் கட்டு அவர் கையிலிருந்து நழுவி, ஈரத் தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. வேலாயி புருசனின் முகத்தை நேராகப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் அப்படிப் பார்த்துப் பூரணி கண்டதில்லை. பார்வையை அவரிடமிருந்து எடுக்காமலே போனில் சொன்னாள்.

"பாத்தேன்டி லெட்சுமி. உசுரோட பாத்தேன். என் கையாலதான் கடைசியா ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாங்க. நீ எனக்குப் போட்ட கொழுந்துலதான் நான் எங்கம்மா மொகத்தப் பாத்தேன்."